நேரலையில் என் தம்பியின் சாந்தி

அவையை ஆளும் தலைவர் அவர்களே, பத்தாம் ஆண்டு காணும் நம் ஊர்த் தொலைக்காட்சியின் உரிமையாளர் நவநீதகிருஷ்ணன் அவர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமை காக்கும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

நேரலையின் பெருமையைப் பேச அழைத்தார்கள். நான் அதன் பிழை ஒன்றைப் பேசப் போகிறேன்.

சென்ற மாதம் ஒரு காலை. என் உடன்பிறந்த தம்பி ஏகப்பன் என் எதிரே இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியில், நாச்சியாபுரத்து உழவர் வீட்டுப் பெண் பாண்டீஸ்வரி செய்தி வாசித்தாள். "கீழச்சிவல்பட்டி ஏகப்பன் அவர்களின் சாந்தி நாளை நடைபெறுகிறது. அன்னாரின் ஆன்மா சாந்தியடையப் பிரார்த்திப்போம்."

சிரிக்கிறீர்கள். எங்கள் சமூகத்து வீடுகளில் அறுபதாம் கல்யாணத்துக்குச் சாந்தி என்று பெயர். அது அவளுக்குத் தெரியாது. தெரியாதது குற்றமா? இல்லை. கேட்காதது குற்றமா? ஆம். அதில் நான் சலுகை தரமாட்டேன்.

ஏகப்பன் கையைக் கழுவிவிட்டு நிலையத்துக்குப் போன் போட்டான். நேரலையிலேயே இணைத்துவிட்டார்கள்.

"ஆத்தா, செத்துப்போனேன்னு வாசிச்சீகளே, அந்த ஏகப்பன்தான் பேசுறேன். நாளைக்கு எனக்குக் கல்யாணம்."

விளம்பரம் போட்டு மறைத்திருக்கலாம். எழுதிக் கொடுத்தவர் மேல் பழி போட்டிருக்கலாம். அவள் என்ன செய்தாள்? கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

"எழுதிக் கொடுத்தவுக சரியாத்தான் எழுதுனாக. அர்த்தம் கேக்காம நானாச் சேத்து வாசிச்சுட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்கய்யா."

மறுநாள், திருத்தத்தைக் கேட்காமல் கையில் மாலையோடு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கல்யாண விருந்து சாப்பிட்டுப் போனார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் விருந்தில்லை. திரையிலிருந்து இறக்கி, அடியில் ஓடும் வரிகளைத் தட்டச்சு செய்ய வைத்துவிட்டார்கள். அந்த நேரலையின் பதிவையும் அழித்தார்கள். நான் படித்த கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர், பிழையைச் சுரண்டி அழித்தால் மதிப்பெண் தரமாட்டார். கோடிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினால் தருவார். பாண்டீஸ்வரி கோடிட்டாள். நிலையத்தாராகிய நீங்கள் சுரண்டினீர்கள்!

என்ன அங்கே? நேரலை ஓடுகிறதா? தெரிந்துதான் பேசுகிறேன். உரிமையாளர் அவர்களே, ஊரறியத் தவறியவள், ஊரறியத் திருத்தினாள், ஊரறியக் கேட்கிறேன். நாளைக் காலைச் செய்தியை வாசிப்பது யார்?

மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"ஆச்சி, இப்படி மாட்டிவிட்டீகளே... சரி, பாண்டீஸ்வரியே வாசிக்கட்டும்."

நன்றி. கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. விடைபெறும் வணக்கத்தை நான் சொல்லப் போவதில்லை. மூன்றாம் வரிசையில் தலை குனிந்திருக்கிறாள் பாருங்கள், கேமராவை அங்கே திருப்புங்கள். பாண்டீஸ்வரி, நிமிர்ந்து நில். நம் ஊருக்கு வணக்கம் சொல்.