மீன் எண்ணெய் பூசிய மோட்டார்சைக்கிள்

"மருமகன் மோட்டார்சைக்கிளுக்கு மீன் எண்ணெய் பூசிவிட்டேன் மச்சான். இப்ப மூச்சே விடமாட்டேங்குது" என்றார் எதிரே இருந்த வெள்ளைத் தொப்பிக்காரர். பாம்பன் பாலத்தின் மேல் ரயில் மண்டபத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"எங்கன பூசுனீக?" என்று அவர் பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

"உப்புக்காத்துல துருப்பிடிச்சிருமேன்னு, வள்ளத்துக்குப் பூசுற மாதிரி எல்லா எடத்துலயும்தான். மூடியைக் கழட்டி மேக்னட்டோவுக்குள்ளயும் பூசுனேன்."

"அங்கன எண்ணெய் பட்டா நெருப்புப் பொறி வராது. துணியில பெட்ரோல் தொட்டுத் தொடைங்க, கெளம்பிரும்."

"கெளம்பிருமா?"

"ஒடனே கெளம்பிரும்."

தொப்பிக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கடல் அலையில்லாமல் கிடந்தது. பாலம் முடிந்ததும் இந்தப் பக்கம் திரும்பினார்.

"வண்டி ஓடுனா மருமகன் எம்மகளை ஏத்திக்கிட்டு இன்னைக்கே கமுதிக்குப் போயிருவாரு. நாளைக்குத் தொடைச்சுக்கிறேன் மச்சான்" என்றார்.