டீச்சர் வீடு விலை இறங்கிய கதை

எலி செத்தால் எத்தனை நாள் நாறும் என்று என்னைக் கேட்காத வீட்டுக்காரரே கிடையாது, சார். சுண்டெலி என்றால் ஒரு வாரம். வீட்டெலி இரண்டு வாரம். பெருச்சாளி ஈரமான இடத்தில் செத்தால் மாதத்தைத் தாண்டும். மூன்றாம் நாள்தான் உச்சம். பதினோரு வருடமாகப் பெஸ்ட் கண்ட்ரோலில் இருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்குத் தப்பியதில்லை.

முகம் சுளிக்கிறீர்கள். பரவாயில்லை, எல்லோரும் சுளிப்பார்கள். கூப்பிட்டால் வந்து அள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கத் தனி டம்ளர் தேடுவார்கள். டீச்சர் அப்படி இல்லை. தான் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடுப்பார். அதை மறைக்க மாட்டேன்.

நானும் என் மனைவியும் டீச்சர் வீட்டு மாடியில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தோம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, ஒரே மகள் வேறு ஊரில். அவர் வீட்டுக்குக் கரப்பான்பூச்சி வந்தாலும் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வரும் என்று கிண்டல் செய்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார்.

முழங்கால் முடியாமல் போனதும் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட முடிவு செய்தார். எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார். "வெளியாளுக்குப் போறத விட நீங்க வாங்கிக்கிட்டா எனக்கு நிம்மதி, தம்பி" என்றார். மூன்று மாதம் தரகரிடம்கூடச் சொல்லாமல் காத்திருந்தார்.

வங்கியில் பத்துக்கு எட்டுப் பங்கு கடன் தருவார்கள். இரண்டு பங்கு முன்பணம் நாம் போட வேண்டும். மனைவியின் நகை போயிற்று, என் பைக் போயிற்று, அந்த மூன்று மாதமும் சினிமா, ஓட்டல் எதுவும் கிடையாது. அப்படியும் ஒன்றரைப் பங்குக்கு மேல் ஏறவில்லை. டீச்சரிடம் சொன்னோம். "அந்த அரைப் பங்க அப்புறம் மெதுவா குடுங்க. எனக்கு என்ன அவசரம்?" என்றார். என் மனைவி அழுதேவிட்டாள்.

நான் வேண்டாம் என்றுவிட்டேன். இன்னொருவர் தயவில் வீடு வாங்கினவன் என்ற பேச்சு எனக்கு ஆகாது, சார். அதில் நான் கொஞ்சம் ரோஷக்காரன்.

யோசித்துப் பார்த்தால் முன்பணம் சேர்க்க இரண்டு வழி உண்டு. கையில் இருப்பதைக் கூட்டலாம், அல்லது விலையைக் குறைக்கலாம். விலை கால்வாசி இறங்கினால் என்னிடம் இருந்ததே போதும். இதை ஏன் யாரும் யோசிப்பதில்லை என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

தானியக் கிடங்குகளில் பிடிபடும் பெருச்சாளிகளை நாங்கள் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அவ்வப்போது ஒன்றிரண்டை என் சாப்பாட்டுப் பையில், டிபன் கேரியருக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தேன். பாலிதீனில் இறுக்கிக் கட்டித்தான். வெங்காயம் வரும் வலைப்பைக்கு அவற்றை மாற்றி, டீச்சர் சமையலறையின் பலகைக் கூரைக்கு மேலே கட்டினேன். முழங்கால் வலிக்காரர், மேலே ஏறிப் பார்க்க முடியாது. வீடு பார்க்கத் தரகர் ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்களைக் கூட்டி வருவார், அதனால் வியாழனே வைத்துவிடுவேன். கூரைப் பலகையில் ஈரம் இறங்கிப் புழு சொட்டிய அன்று மட்டும் டீச்சர் கண்ணில் படுவதற்குள் கீழே ஓடினேன். நானே துடைத்தேன்.

வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே. பட்டுப்புடவை, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு "வீடு நல்லாத்தான் இருக்கு, யோசிச்சுச் சொல்றோம்" என்று பொய். வாசலுக்குப் போனதும் துப்புவார்கள். ஒருவராவது நேராகச் சொல்ல வேண்டாமா? எனக்கு அவர்கள் மேல்தான் அருவருப்பு.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நாற்றத்துக்குள்ளேயே இருப்பவர் மூக்குக்கு நாற்றம் பழகிவிடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். தேடுவதுபோல் தேடிவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே, டீச்சர்" என்றேன். இரண்டாம் வாரம் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடிக்கிறார்கள். கணக்கு டீச்சர் இல்லையா, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்திருக்கிறார். வீட்டில் இல்லை என்று தொழில் தெரிந்தவன் சொல்லிவிட்டான். அப்படியானால் மிச்சம் தான் ஒருத்திதான்.

குளிக்க ஆரம்பித்தார். காலையில் இரண்டு தடவை, மதியம், சாயங்காலம், படுக்கும் முன். தேங்காய் நாரால் தேய்ப்பார். கைகளில் தோல் உரிந்து, கசிந்து, அதில் சோப்பு நுரை காய்ந்திருக்கும். பார்க்கச் சகிக்காது. பேத்தி விடுமுறைக்கு வந்தபோது, "பாட்டிகிட்ட வராதே கண்ணு, தள்ளி நில்லு" என்றார். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு மாடிக்கு வந்து, "கீழ எதுவோ செத்துக் கெடக்குங்க. சும்மா பாக்காம நல்லா பாத்துக் குடுங்களேன்" என்றாள். பார்க்கிறேன் என்றேன். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளை இதில் இழுக்காதீர்கள்.

ஐந்தாவது மாதம் தரகர் கைவிரித்துவிட்டார். டீச்சரே கால்வாசியைக் குறைத்து எங்களுக்கு எழுதிக் கொடுத்தார். பதிவு அலுவலகத்தில் எங்களோடு பெஞ்சில் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? மகள் வீட்டில் ஒரு எலியும் இல்லை. அங்கேயும் குளித்திருக்கிறார். ஒரு நாள் கழிவறை கழுவுகிற திரவத்தை வாளியில் கலந்து குளித்துவிட்டார். தோல் முழுக்க வெந்து, சீழ் பிடித்து, ஒன்பதாம் நாள் போய்விட்டார் என்று மகள் போன் செய்தாள். என் மனைவி அன்று சமைக்கவில்லை. நான் ரொட்டி வாங்கி வந்தேன்.

மாட்டிக்கொண்டது என் கைப்பழக்கத்தால். பொறி வைத்தாலும் மருந்து வைத்தாலும் தேதியும் வைத்தவர் கையெழுத்தும் எழுதிய சீட்டு கட்ட வேண்டும், எடுக்கும்போது ஒன்றும் விடுபடக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். ஏழு பைகளிலும் கட்டியிருக்கிறேன், சார். கட்டியது ஞாபகமே இல்லை. அப்படிக் கட்டியும் எடுக்க மறந்தேன் பாருங்கள், அந்தத் தவறை ஒத்துக்கொள்கிறேன். சமையலறையைப் புதுப்பிக்க வந்த மேஸ்திரி பலகையைக் கழற்றியதும் தோலும் மயிருமாக ஏழும் கீழே விழுந்தன. என் மனைவி சீட்டுகளை வரிசையாக அடுக்கித் தேதி பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உங்களிடம் வந்துவிட்டாள். நல்லவள்தான், கொஞ்சம் அவசரக்காரி.

டீச்சரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. விசாரித்துப் பாருங்கள். அவரே கேட்ட அன்றுகூடச் சொல்லவில்லை.

ஆமாம், கேட்டார். விலை குறைப்பதற்கு முந்தின வாரம். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டார்.

"தம்பி, நீங்க எனக்குப் பிள்ளை மாதிரி. மறைக்காம சொல்லுங்க, தப்பா நெனைக்க மாட்டேன். நாத்தம் என் மேலேர்ந்துதானே வருது?"

எழுதிக்கொள்ளுங்கள், சார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மட்டும் ஒரு சாண் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.