டிப்போவுக்குத் தெரியாதது

— டாக்டர் வருவாரு. நீ வாயத் திறக்காத, இவளே.

— இந்த நெஞ்சு வலியிலயும் பேச்சப் பாருங்க. எதுக்குத் திறக்கக் கூடாது?

— உனக்கே தெரியும். கை மரத்துப்போன கதை.

— மரத்துப்போனதா அது? டம்ளர் நழுவி விழுந்துச்சு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. என் பேரச் சொல்லக்கூட நாக்கு வரலைங்க உங்களுக்கு.

— கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சில்ல? அன்னைக்கே பஸ் எடுத்தேன்ல? ஒரு கீறல் விழுந்துச்சா?

— அத்தன ஜனத்த ஏத்திக்கிட்டுக் கிளம்பினீங்க. திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல.

— இங்க சொன்னா டிப்போ வரைக்கும் போவும். ஸ்டியரிங்கப் புடுங்கிட்டு, டைம் கீப்பர் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்கார வெப்பானுங்க. அதுக்கு இந்த நெஞ்சே நின்னு போலாம்.

— நிக்கட்டுமா? சொல்லுங்க, நிக்கட்டுமா?

— கத்தாத. வந்துட்டாரு.

— ஐயா, வலி எப்படி இருக்கு?

— பரவால்ல டாக்டர். மேல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி, அவ்ளோதான்.

— இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு முழுசா அடைச்சிருக்கு. இப்பவே உள்ள கொண்டு போயித் திறந்துடலாம். அதுக்கு முன்னாடி உறுதிப்படுத்திக்கிறேன். பக்கவாதம், கை கால் இழுத்தது, பேச்சு குழறினது, சும்மா வந்துட்டுப் போனதா இருந்தாலும் சரி, எப்பவாவது உண்டா?

— கிடையாது டாக்டர். இரும்பு ஒடம்பு.

— அம்மா, நீங்க ஏன் தலையக் குனிஞ்சிக்கிட்டீங்க?

— இவளே…

— வந்துச்சு டாக்டர். போன மழைக்காலத்துல. கை விழுந்துச்சு, வாய் கோணிச்சு, பேச்சு வரல.

— பயத்துல உளர்றா டாக்டர்!

— உளறல. வேலை போனா போவட்டும். என்னையத் திட்டுங்க. காலம் பூரா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிங்க. ஆனா வீட்டுல இருந்துக்கிட்டுத் தூக்கி வெச்சிக்கிங்க.

— ஐயா, அவங்க சொல்றது உண்மையா? எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்.

— …உண்மைதான். வண்டி போயிடுமேன்னு மறைச்சேன். அதுக்கும் இதுக்கும் என்ன டாக்டர்? அது தலை, இது நெஞ்சு.

— ரத்தம் கட்டிக்காம இருக்க பலமான ஒரு மாத்திரை இருக்கு. இந்த அடைப்புக்கு நல்லா கேக்கும். ஆனா உங்களுக்கு வந்த மாதிரி வந்தவங்களுக்கு அதக் குடுக்கவே கூடாது. தலைக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிச்சா நிறுத்துறது ரொம்பக் கஷ்டம்.

— அப்பாடா! பாத்தீங்களா, நான் சொன்னது எவ்ளோ நல்லதாப் போச்சு? டாக்டர், வேற மாத்திரை இருக்கும்ல?

— இருக்கும்மா. ஆனா ஆம்புலன்ஸ்லயே இதக் கேட்டிருக்காங்க. இல்லன்னு சொல்லியிருக்காரு. அந்த பலமான மாத்திரைய அங்கேயே குடுத்துட்டாங்க.