இரண்டாவது காலுறை

ஒரு காலுறையைப் பின்னி முடித்த கையோடு இரண்டாவதைத் தொடங்க யாருக்கும் மனம் வராது, மேடம். பின்னல் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். முதல் காலுறையில் ஒரு ஆவல் இருக்கும். குதிகாலில் பின்னல் எப்படித் திரும்பும், நூல் போதுமா, காலில் போட்டால் எப்படி இருக்கும் என்று. இரண்டாவது வெறும் வேலை. அதனால்தான் என் அறையில் ஏழு பைகள் இருந்தன. ஒன்றில் ஒரு கை மட்டும் வைத்த ஸ்வெட்டர், ஒன்றில் பாதிப் போர்வை, ஒன்றில் யாருக்கென்றே மறந்துபோன தொப்பி. உங்கள் ஆள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கொண்டுவந்துவிட்டார். ஊசியிலிருந்து கண்ணிகள் கழன்றிருக்கும். போகட்டும், அவருக்கு என்ன தெரியும்.

அக்காவும் இதைச் சொல்லித்தான் கிண்டல் செய்வாள். "உன்கிட்ட ஒரு வேலையக் குடுத்தா, பேரப்புள்ள எடுத்தப்புறம்தான் கைக்கு வரும்" என்பாள். ஆனால் அவளுடைய காலுறையை மட்டும் நான் ஒருநாளும் ஒற்றையாக விட்டதில்லை.

அத்தான் இறந்த பிறகு பதினோரு வருடமாக அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் நூற்பாலையில் சோதனைப் பிரிவில் வேலை. கருப்புப் பலகையில் நூலைச் சுற்றி வைத்து, எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிச்சு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் கண்ணுக்குத் தப்பிப் போன முடிச்சு ஒன்றுகூடக் கிடையாது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குச் சர்க்கரை. பாதம் இரண்டும் மரத்துப்போய்விட்டன. ஒருநாள் காலை முழுக்க, "நான் நடந்தா டக்கு டக்குன்னு ஏதோ சத்தம் வருதே, என்னடா அது" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். உட்கார வைத்துப் பார்த்தால், நோட்டீஸ் பலகையில் குத்துகிற தட்டைத்தலை ஊசி குதிகாலில் முழுசாக ஏறியிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலுறையில் தையல் இருக்கக்கூடாது, இறுக்கம் இருக்கக்கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். அக்காவால் குனிய முடியாது, பார்வையும் மங்கல். ஆகவே தினமும் சாயங்காலம் அவள் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். நான் கீழே உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு, கைக்கண்ணாடி பிடித்து விரல் இடுக்கு வரைக்கும் பார்ப்பேன். "ஒண்ணுமில்லக்கா, சுத்தமா இருக்கு" என்பேன். அவள், "உனக்கு என்ன தலையெழுத்தோ" என்று என் தலையைத் தடவுவாள். அந்த நாளுக்கு அது போதும் எனக்கு.

கடைக் காலுறையில் விரல் நுனியில் தையல் தடிப்பாக இருக்கும். ஆகவே நானே ராட்டையில் கம்பளி நூற்று, மூன்று புரியாக முறுக்கிப் பின்னினேன். கையால் நூற்ற நூல் அறுந்தால் முடிச்சுப் போடவே தேவையில்லை, மேடம். இரண்டு முனையையும் பிரித்து, கொஞ்சம் ஈரமாக்கி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. நான் நூற்ற கம்பளியில் முடிச்சே இருந்ததில்லை. எட்டு வருடத்தில் நாற்பது ஜோடி பின்னியிருப்பேன்.

போன வருடம் குளிர் தொடங்கும்போது அக்கா மகள் போன் செய்தாள். புது வீடு வாங்கியாயிற்று, அம்மா இனி எங்களோடுதான் என்றாள். எட்டு மணி நேர ரயில் பயணம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் முன்பே பெட்டியைக் கட்டிவிட்டாள். சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது அவள் ஒன்று சொன்னாள். "அங்க கடையிலயே கெடைக்குதாம்டா, சக்கரக்காரங்களுக்குன்னே சாக்ஸ். தையலே இல்லையாம். போறதுக்கு ஒரு ஜோடி மட்டும் பின்னிக் குடு. அதுக்கப்புறம் நீ கண்ணு நோகவேண்டாம், நிம்மதியா இரு."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. இனி யாருடைய காலுக்காக இரண்டாவது காலுறையைத் தொடங்குவது என்று மட்டும் நினைத்தேன்.

இடது காலுறையில், கட்டைவிரலுக்குக் கீழே பாரம் விழுகிற இடத்தில், நூலை அறுத்தேன். முடிச்சுப் போட்டேன். அதன்மேல் இன்னொன்று. உள்பக்கமாக, மிளகு அளவு. இரண்டு கால் மாறிவிடாமல் இருக்க மேல் விளிம்பில் ஒரு சிவப்பு இழை வைத்தேன். அக்கா அதைத் தடவிப் பார்த்து, "எவ்ளோ நேக்கா பண்றான் பாரு" என்று மகளிடம் போனில் பெருமைப்பட்டாள். காலையில் நானே போட்டுவிடுவேன்.

மூன்றாம் நாள் சிவந்தது. ஐந்தாம் நாள் கொப்புளம். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு பிளாஸ்திரி ஒட்டி ரயிலேற்றி இருப்பார்கள். ஆகவே கண்ணாடியைப் பிடித்து, "ஒண்ணுமில்லக்கா, சுத்தமா இருக்கு" என்றேன். அவள் என் தலையைத் தடவினாள். ரயிலுக்கு இரண்டு நாள் முன்பு, புண் நன்றாகத் தெரிகிற அளவுக்கு வந்த பிறகு, நானே பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். பதறியது நடிப்பல்ல, மேடம்.

பயணம் நின்றது. புண் ஆற இரண்டு மாதம். நான் கட்டு மாற்றினேன், கஞ்சி வைத்துக் கொடுத்தேன், அவள் தலை வாரினேன். அந்த இரண்டு மாதத்தைப்போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததே இல்லை. அவளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

ஆறியதும் மகள் மறுபடியும் டிக்கெட் எடுத்தாள். நான் மறுபடியும் சிவப்பு இழை வைத்தேன். இந்த முறை முடிச்சின் அளவு கொஞ்சம் கூடிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். எலும்பு வரைக்கும் சீழ் போய்விட்டது. காய்ச்சலில் மூன்று நாள் உளறினாள், என் பெயரைத்தான் சொல்லி உளறினாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மகள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "இந்த நெலமையில நான் எங்க மாமா கூட்டிட்டுப் போறது? நீங்க இல்லேன்னா அம்மா என்ன ஆயிருப்பாங்க" என்றாள். சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

கட்டுப் போடுகிற நர்ஸ்தான் அக்கா பையில் கிடந்த பழைய காலுறைகளைக் கண்டவள். அவளும் பின்னுகிறவளாம், அது என் துரதிர்ஷ்டம். சிவப்பு இழை உள்ள இரண்டையும் உள்பக்கம் திருப்பி, முடிச்சை அக்காவின் விரலால் தொட்டுப் பார்க்க வைத்தாளாம். அக்கா என்ன சொன்னாள் என்று அவள் வாக்குமூலத்தை நீங்களே படித்துக் காட்டினீர்கள். "என் தம்பி நூல்ல முடிச்சு வராதும்மா. இது வேற யாரோடதோ."

அவள் சொன்னது சரி. தானாக வராது.

என் வக்கீல், வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை, தெரியாமல் முடிச்சு விழுந்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார். சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாமாம். அதை எப்படி நான் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு பின்னுகிறவன் என்று ஊரெல்லாம் பேசவா? இரண்டு முடிச்சும் நான் போட்டவை. எந்த வரிசையில், எந்தக் கண்ணியில் என்றுகூடச் சொல்கிறேன். அவளை நான் நோகடிக்கவில்லை. அந்தக் காலில் அவளுக்கு வலியே கிடையாது.

இன்னொன்று. அந்தச் சாக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு காலுறை இருக்கும், ஊசியோடு. அவளுடைய வலது காலுக்கு. குதிகால் திருப்பியாயிற்று, உள்ளங்காலும் முடிந்தது, விரல் பக்கம்தான் பாக்கி. இரண்டாவது ஒன்று பின்ன வேண்டியதில்லை என்பதால் நிதானமாகச் செய்துகொண்டிருந்தேன். சந்தேகம் இருந்தால் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஒரு முடிச்சு இருக்காது. அவள்தான் எங்கும் போகப்போவதில்லையே, எதற்கு முடிச்சு?

என்ன சொன்னீர்கள்? இன்று காலை ரயிலிலா? மகளே வந்தா கூட்டிப்போனாள்?

சரி. நல்லதுதான். மகள் வீட்டில் இருப்பதுதான் முறை.

அந்தச் சாம்பல் காலுறையை மட்டும் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா, மேடம்? முடித்து, தபாலில் அனுப்பிவிடுகிறேன். அங்கே குளிர் அதிகம். உள்ளங்கால் பக்கம் ஒரு நாலு வரிசை பிரித்துப் பின்ன வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.