மூணு விசில்

— இன்னொரு தடவை ஊதுங்க மாஸ்டர்... சத்தமா!

— ஊதிட்டுத்தானே இருக்கேன் அமலராணி டீச்சர்.

— கரையில பசங்க ஓடி வர்றாங்களா?

— இல்ல... வரிசையா நிக்கறாங்க.

— என்னது?

— மூணு விசில் ஊதினா லைன்ல நிக்கணும். ஸ்கூல்ல நான் பழக்கினதுதான். பாருங்களேன், குள்ளப் பசங்க கரெக்டா முன்னாடி...

— ஐயோ, ரேஷன் கடை க்யூ மாதிரி! நாம முட்டுக்காட்டு நடுத்தண்ணியில சுத்திகிட்டு கெடக்கோம், அதுங்க கையை நீட்டி இடைவெளி பாக்குதுங்க!

— நல்லாத்தான் பாக்குதுங்க.

— சிரிக்காதீங்க! பி.டி. மாஸ்டராச்சேன்னு நம்பி ஏறினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

— பசங்க தண்ணியில விட்ட பந்தை எடுக்க நான் ஒருத்தன் போறேன்னேன். நானும் வரேன்னு குதிச்சு ஏறினது யாரு? குனிஞ்சு பந்தை எட்டறப்ப படகு தள்ளற கழியைப் பிடிங்கன்னு குடுத்தேன்... அதையும் தண்ணியில விட்டுட்டு...

— வழுக்கிடுச்சு மாஸ்டர்! ஒரே சேறு.

— சரி, சரி...

— அதோ, புஷ்பம் டீச்சர் குடையை ஆட்டறாங்க!

— டாட்டா காட்டறாங்க. நீங்க முந்தானையை ஆட்டினீங்கல்ல, அதுக்கு.

— கர்மம்... மாஸ்டர், கால்கிட்ட தண்ணி வருது.

— பழைய படகு, கசியும். டிபன் பாக்ஸ் மூடியால மொண்டு ஊத்துங்க.

— அஞ்சு மணிக்கு வீட்ல இருக்கணும்னு அப்பா சொன்னார். பொண்ணு பாக்க வர்றாங்க. இன்னிக்கே மோதிரம் மாத்திடணுமாம்... மாப்பிள்ளை ராத்திரி மெயில்ல அஸ்ஸாம் போறாராம், டீ எஸ்டேட்டுக்கு.

— கேள்விப்பட்டேன். பிடிச்சிருக்கா?

— வேண்டாம்னு ரெண்டு நாள் சாப்பிடாம அழுதேன். அப்பா காதுலயே போட்டுக்கல... இப்ப நம்ம ஸ்கூல் டூர் பஸ் கிளம்பினா?

— தாம்பரம் போய்ச் சேர இருட்டிடும்.

— நிஜமாவா!

— என்ன டீச்சர், மூஞ்சியில பல்ப் எரியுது?

— யாருக்கு? மொள்ளுங்க மாஸ்டர்... ஐயோ, கணுக்கால் முழுகிடுச்சு! படகு சாயுது! ஏசப்பா, எனக்கு நீச்சல் தெரியாது... தேவானந்தம் மாஸ்டர், ஏதாவது பண்ணுங்க, பயமா இருக்கு!

— உக்காருங்க, பலகையைக் கெட்டியாப் பிடிங்க. காதைப் பொத்திக்குங்க...

— இது என்ன விசில்? விட்டு விட்டு, இவ்ளோ நீளமா...

— கிரவுண்டுல யாருக்காவது அடிபட்டா ஊதறது. பாருங்க, வரிசை கலைஞ்சிடுச்சு... பெரிய பசங்க மீன்காரர் கையைப் பிடிச்சு இழுக்கறாங்க... கட்டுமரம் கிளம்பிடுச்சு!

— அப்பாடா... உசிர் வந்துச்சு. ஏன் மாஸ்டர், இப்படி ஒரு விசில் இருக்கறப்ப, இவ்ளோ நேரமா ஏன் லைன்ல நிக்கற விசிலையே ஊதிகிட்டு இருந்தீங்க?

— கழி வழுக்கலையே டீச்சர்... கரையை ஒரு தடவை பாத்துட்டு நீங்களா மெதுவா விட்டீங்க. நான் பந்தையா பாத்துகிட்டு இருந்தேன்?