நான்கு போல்ட்டும் ஓர் அட்ஜஸ்ட்டும்

கத்தரியைக் கையில் எடுத்தால் கடலையே இரண்டாக வெட்டி, இரண்டு பாதிக்கும் பட்டன் வைக்கச் சொல்லும் வல்லமை படைத்த கட்டிங் மாஸ்டர், இந்த விழாத் தலைவர் அவர்களே! தையல் தவறினால் ஊசியின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடும் மூத்தோர்களே! மூன்று பேர் பெஞ்சில் ஏழு பேராக முழங்கை மடக்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வந்ததும் வராததுமாக மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த மதியூக மன்னர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல் கூடத்தின் மெஷின் மெக்கானிக் கூறும் எண்ணெய் படிந்த வணக்கம்!

இன்று என் தங்கையை வழியனுப்பக் கூடியிருக்கிறோம். இருபத்திரண்டு ஆண்டுகள் இங்கே காலர் தைத்தவள். அத்தனை காலரையும் ஒன்றாகச் சேர்த்தால் நிலவுக்கே கழுத்துப்பட்டி மாட்டி, மிச்சத்தைச் சூரியனுக்கு அனுப்பலாம்! உயரமோ, கேட்கவே வேண்டாம். மழை வந்தால் நமக்கெல்லாம் அரை மணி நேரம் முன்பே நனைந்துவிடுவாள்!

"அண்ணா, மானத்தை வாங்காத. சீக்கிரம் முடி."

கேட்டீர்களா? விழா நாயகியே விரட்டுகிறாள். இரண்டு வார்த்தை பேசு என்றார்கள். நான் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுவும் ஆங்கில வார்த்தை. அட்ஜஸ்ட்!

மேனேஜர் அறையில் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த அகராதியை உருவி எடுத்துப் பார்த்தேன். மேசை சாய்ந்தது, உண்மை விளங்கியது! சரிசெய்தல், பொருத்துதல், ஒத்துப்போதல் என்று மூன்றே மூன்று பொருள் போட்டிருக்கிறான். பாவம், அகராதி எழுதியவன் நம் கூடத்துக்கு வந்ததில்லை! இங்கே அதற்கு முந்நூறு பொருள். பெஞ்சில் எட்டாவது ஆள் உட்கார வேண்டுமா? அட்ஜஸ்ட். டீயில் சர்க்கரை இல்லையா? அட்ஜஸ்ட். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் சட்டை வந்துவிட்டதா? போடுகிறவர் அட்ஜஸ்ட் செய்துகொள்வார்!

"அந்தச் சட்டை நீ சரிபார்த்த மெஷின்ல தைச்சதுய்யா!"

யாரது, அயர்ன் மாஸ்டரா? பெட்டி சூடாகிவிட்டது, போய்ப் பாரும்!

சிரித்தீர்கள், மகிழ்ச்சி. இனி நான் சொல்வதற்குச் சிரிக்க முடியாது.

மெஷினோடு ஒரு புத்தகம் வரும். அதிலும் இந்த வார்த்தை பக்கத்துக்குப் பத்து இடத்தில் இருக்கிறது. நூல் அறுந்தால் இந்தத் திருகை அட்ஜஸ்ட் செய். மேசை தாழ்ந்திருந்தால் இந்த நான்கு போல்ட்டை அட்ஜஸ்ட் செய். கவனித்தீர்களா? அந்தப் புத்தகம் இந்த வார்த்தையை யாரிடம் சொல்கிறது? ஸ்பேனர் வைத்திருப்பவனிடம்! நாம் யாரிடம் சொல்கிறோம்? வலிக்கிறது என்று வந்து நிற்பவரிடம்!

என் தங்கை வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, மேசை ரொம்பத் தாழ்வா இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு தோள் இழுக்குது. கொஞ்சம் தூக்கி வெச்சுத் தாயேன்."

எழுந்தேன். ஸ்பேனரை எடுத்தேன். அப்போது பின்வரிசையில் ஒரு குரல். "மெக்கானிக் தங்கச்சின்னா சும்மாவா? மகாராணிக்கு மேசை உயருது!" அவ்வளவுதான். யார் சொன்னது என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். என் நேர்மை அப்படிப்பட்ட நேர்மை! தராசில் வைத்தால் மலையே மேலே போய்விடும்! அந்த நேர்மையை ஏந்திக்கொண்டு என் தங்கையிடம் சொன்னேன்.

"கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

நம் கூடத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மெஷினில் கோளாறு என்றால் சீட்டு எழுதி என் மேசைக் கம்பியில் குத்த வேண்டும். முதலில் வந்த சீட்டுக்கு முதல் வேலை. அவளும் எழுதிக் குத்தினாள். அதன் முறை வரும்போதெல்லாம் நானே உருவிக் கடைசிக்குத் தள்ளினேன். உங்கள் மேசைகளை உயர்த்தினேன், தாழ்த்தினேன், ஆடாமல் முட்டுக் கொடுத்தேன். இல்லை என்று ஒருவர் சொல்லட்டும்! அவள் ஒருத்தியின் சீட்டு மட்டும் கடைசியிலேயே கிடந்தது. மூன்று முறை எழுதினாள். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பழகிவிட்டது என்று நினைத்தேன்.

போன மாதம் மருத்துவர் அவளுடைய வலது கையைத் தூக்கச் சொன்னார். நெஞ்சுக்கு மேலே எழவில்லை. இனித் தைக்கவே கூடாது என்றார். நாம் எம்பித் தொடும் அலமாரி உச்சியை எம்பாமலே தொட்டவள், இன்று தலை வார மகளைக் கூப்பிடுகிறாள். மருத்துவர் கேட்டார், "உட்கார்ந்து தைக்கற மேசை எவ்வளவு உயரம்?" அந்த அளவு இந்த உலகத்திலேயே சரியாகத் தெரிந்தவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். மருந்து வாங்கி வருகிறேன் என்று வெளியே நழுவிவிட்டான்.

இன்று காலை யாரும் வருவதற்கு முன் வந்தேன். நான்கு போல்ட்டையும் தளர்த்தினேன். மேசையை நான்கு விரற்கடை உயர்த்தினேன். மிதிக்கட்டையின் கம்பியையும் அதற்கேற்ப நீட்டினேன். மொத்தம் இருபது நிமிடம். இருபத்திரண்டு ஆண்டு வலிக்கு, இருபது நிமிட வேலை!

அவள் வந்தாள். "உட்கார்ந்து பாரும்மா" என்றேன். உட்கார்ந்தாள். முதுகு நேராக நின்றது. இடது கையால் வெறும் துணியைத் தள்ளி ஒரே ஒரு வரி ஓட்டினாள். நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாண்ணா?"

அழவில்லை, திட்டவில்லை. இவ்வளவுதானா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் இப்போது இந்த மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"விடுண்ணா. எல்லாரும் பாக்கறாங்க."

பார்க்கட்டும் அம்மா. அன்றைக்கு நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்றுதான் உன்னைக் கைவிட்டேன். இன்று அதே நாலு பேர் முன்னால் சொல்கிறேன். தப்பு என்னுடையது. என்னை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால், அதையும் நீ அட்ஜஸ்ட் செய்துகொள் என்று சொன்னதாகிவிடும்.

நாளை அந்த மேசைக்கு யார் வந்தாலும், எந்த உயரம் வேண்டும் என்று முதலில் கேட்பேன். கம்பியில் இனி எந்தச் சீட்டும் முறை தவறிக் கடைசிக்குப் போகாது. திருகுக்குச் சொல்ல வேண்டியதை இனி ஒருநாளும் ஆளுக்குச் சொல்ல மாட்டேன்.

பேசவிட்ட தலைவருக்கும், இடுக்கில் இருந்தபடி பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. முன்வரிசைத் தாய்மார்களே, இந்த மேடையில் நான்கு நாற்காலி காலியாக இருக்கிறது. பேச ஆரம்பித்தபோதே பார்த்தேன், பார்த்தும் சும்மா இருந்தேன். நான்கு பேர் எழுந்து மேலே வாருங்கள், மற்ற மூவரும் முழங்கையை நீட்டி உட்காருங்கள்.

வணக்கம்.