கடலைப் பார்த்த வாசல்

நாகர்கோவிலில் இருந்து குளச்சல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். மடியில் கல்யாணப் பட்டு வாங்கிய பை. பஸ் கிளம்பியதுமே தங்கை கேட்டாள்:

“அண்ணே, உங்களுக்க மருமவ அடுக்களை வழியாட்டா வீட்டுல ஏறணும்?”

“ரோடு அந்தப் பக்கம்லா வந்து கெடக்கு. நான் என்ன செய்ய?”

“வாசல் கடலைப் பாத்துலா இருக்கு. தாத்தா அப்படித்தானே கெட்டினாவ?”

“அப்போ கப்பல் வந்துச்சு ஏட்டி. கொப்பரையும் கயிறும் நம்ம வாசல்ல இருந்துதான் வள்ளத்துல ஏறிக் கப்பலுக்குப் போச்சு. ஊரே கடலைப் பாத்து இருந்துச்சு. இப்போ கடை, பேங்கு எல்லாம் ரோட்டைப் பாத்துத் திரும்பியாச்சு. நம்ம வீடு மட்டும் ஊருக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கு.”

“நிக்கட்டும்.”

“மணல்ல கார் போவாது.”

“பொண்ணு நடக்கட்டும். நீங்க கெட்டிக் கொண்டுவந்த அன்னைக்கு மைனி நடந்துதானே வந்தாவ?”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒரு செருப்பு மணல்ல போச்சு,” என்றார். “மத்ததையும் கழத்திப் போட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே ஏறினா. இருந்த வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.”

மண்டைக்காட்டில் பஸ் நின்றபோது போனை எடுத்தார்.

“மக்கா, ரோட்டுப் பக்கம் போட்ட பந்தலைப் பிரிச்சிரு. கடல் பக்கம் கெட்டு.”

பந்தல்காரரின் குரல் எனக்கே கேட்டது: “காத்து பிச்சுக்கிட்டுப் போவுமே அண்ணாச்சி!”

“கயிறு கூடுதலா போட்டுக் கெட்டு மக்கா. வாசல் அங்கதானே இருக்கு.”